பத்மினியின் டாப்பை வெட்டலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய 1976 மாடல் பிரீமியர் பத்மினி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, பாடி பார்க்க நன்றாக இருக்கிறது. டாப்பை வெட்டிவிட்டு மடக்குகிற துணி டாப் போட்டு, சாயங்காலங்களில் முட்டம் கடற்கரை வரை காற்று வாங்கப் போக ஆசை. பட்டறைக்காரர் ஒருவர் பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செய்யலாமா, ஆர்டிஓவில் ஏதாவது சொல்வார்களா என்பது கேள்வி. இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: காரின் டாப் என்பது பானை மேல் வைத்த மூடிதானா, எடுத்தாலும் பானை பானையாகவே இருக்குமா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும்.

நான் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் டிங்கர் வேலை பார்த்தவன். அம்பாசடரும் பத்மினியும் எத்தனை கை வழியாகப் போயிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. டாப்பை வெட்டிய கார்கள் மட்டும் இரண்டு. ஒன்று கேவலமாகத் தோற்றது, இன்னொன்று ஓரளவு தேறியது. உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். பிளம்பிங் கடையில் ஒரு முழம் பிவிசி பைப் வாங்கி இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. பிறகு ஆக்சா பிளேடால் நெடுக ஒரே ஒரு கீறல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போடுங்கள். பிளாஸ்டிக் எதையும் நீங்கள் எடுத்துவிடவில்லை, எடையும் குறையவில்லை. இப்போது முறுக்கினால் ஈரத்துணி பிழிவதுபோலத் திருகிக்கொண்டு வரும். கணக்குப் போட்டால் இரண்டு அங்குலப் பைப்பில் முறுக்குக்கு வளைந்து கொடுக்காத விறைப்பு பல நூறு மடங்கு குறைந்திருக்கும். மூடிய குழாய்க்கும் திறந்த குழாய்க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. கார் பாடி பைப் அளவுக்கு மோசமாகப் போகாது, ஆனால் போகிற திசை அதுதான்.

பத்மினியில் தனியாக சேசிஸ் கிடையாது. லாரியிலும் ஜீப்பிலும் கீழே இரண்டு பெரிய இரும்புத் தண்டவாளம் ஓடும், பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பத்மினியும் அம்பாசடரும் அப்படியில்லை. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி, தூண்கள், டாப் எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. அந்தக் கூடுதான் சேசிஸ். ஏறக்குறைய 900 கிலோ வண்டியை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2340 மில்லிமீட்டர் இடைவெளியில், தொய்யாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு வேலை டாப்பும் அதைத் தாங்கும் தூண்களும் செய்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது பாடி முறுக்கிக்கொள்ளாமல் காப்பதும் அந்த மூடிய வடிவம்தான்.

முதல் காரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நான் இன்னும் ஆசானிடம் கூலிக்கு நின்ற காலம். திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய பத்மினி ஒன்றைக் கொண்டுவந்து, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஓப்பன் கார் ஆக்கித் தரச் சொன்னார். "டாப்பு போனா வெயிட்டு குறையும் மக்கா, வண்டி பறக்கும்" என்றார் ஆசான். நானும் நம்பினேன். இரண்டு நாளில் டாப் தரையில் கிடந்தது. பலத்துக்கு என்று தரைக்கு அடியில் நெடுக இரண்டு எல் ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தோம். பட்டறைத் தரையில் நின்றபோது ராஜா மாதிரி நின்றது. முதல் ஊர்வலத்தில் மாப்பிள்ளை, பொண்ணு, பின்னால் இரண்டு பிள்ளைகள், டிரைவர். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதோடு பின் கதவு இரண்டும் இறுகிவிட்டன. மண்டப வாசலில் இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டு, கடைசியில் பொண்ணு பட்டுச்சேலையோடு கதவுக்கு மேலே ஏறி இறங்க வேண்டியதாயிற்று. "பிள்ளைய தாங்கிப் பிடிங்கடே" என்று பெரியம்மை ஒருத்தி போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த வாரம் முன் கண்ணாடி கீழ் மூலையிலிருந்து விரிந்தது.

என்ன நடந்தது என்று பிறகு அளந்து பார்த்தோம். கூடு நடுவில் தொய்ந்தால் கதவின் இரு பக்கத் தூண்களும் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கதவு வாசல் கீழே அப்படியே இருக்க, மேலே ஒடுங்கிவிடும். நாங்கள் வைத்த ஆங்கிள் வளைவைக் கொஞ்சம் தாங்கியது, முறுக்கை ஒன்றுமே தாங்கவில்லை. எல் ஆங்கிள் என்பது கீறிய பைப்பின் தம்பி. அதே எடை இரும்பைச் சதுரக் குழாயாக வைத்திருந்தால் கதையே வேறு. இதை எங்களுக்கு அன்று சொல்லித்தர ஆள் இல்லை, வாத்தியாரும் ஆசான், ஆசானுக்கு வாத்தியார் அனுபவம்.

இரண்டாவது கார் மோரிஸ் மைனர், கேஎல்டி நம்பர் போட்ட பழைய திருவனந்தபுரம் வண்டி. அது இரண்டு கதவு. மோரிஸ் கம்பெனியே 1948 முதல் அந்தக் காரை டாப் உள்ளதாகவும் துணி டாப் போட்டதாகவும் இரண்டு விதமாகச் செய்தது. துணி டாப் வண்டியில் ரன்னிங் போர்டுக்கு உள்ளே கூடுதல் தகடு, டேஷ்போர்டுக்குக் கீழே மூலைகளில் முக்கோணத் தாங்கல் என்று தனி வேலை உண்டு. இங்கிலாந்தில் மூடிய மைனரை வெட்டித் திறந்தவர்களும் அந்தத் தாங்கல்களை வைத்துத்தான் செய்தார்கள், வைக்காதவர்களின் வண்டி நடுவில் மடிந்தது. நாங்கள் அந்த முறையைப் பார்த்துச் செய்தோம். நான்கு மாதம் பிடித்தது. முடித்து எடைமேடையில் ஏற்றினால் வெட்டுவதற்கு முன் இருந்ததைவிட 40 கிலோ கூடுதல். ஓப்பன் கார் எடை குறைவாக இருக்கும் என்பது எல்லோரும் நினைப்பது, நடப்பது நேர்மாறு. டாப்பில் எடுத்ததைவிட அடியில் அதிகம் வைக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் செய்கிற கார்களிலும் அப்படித்தான்.

உங்கள் பட்டறைக்காரர் பத்து நாள் என்று சொன்னது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இது. வெட்டுவது ஒரு நாள் வேலை, அதுவும் கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், அவரிடம் கேட்டுப் பாருங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும், எஞ்சினும் சீட்டும் உள்ளே இருக்க, சமதரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் நட்டநடுவே தாங்கி வைத்து வெட்டினால் சக்கரத்தில் இறக்கியதும் தொய்யும். பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் வெளியே போக வேண்டும். கதவு வாசல் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஓர் அங்குலச் சதுரப் பைப்பைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும், உள்ளே இடது வலது தூண்களுக்கு நடுவிலும் பெருக்கல் குறிபோல. வாசல்களின் மூலைவிட்ட அளவுகளைச் சுண்ணாம்புக் கட்டியால் கண்ணாடியிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றவைப்புக்குப் பிறகும் சரிபார்க்க வேண்டும்.

பிறகு பலப்படுத்துவது. ரன்னிங் போர்டுப் பெட்டியைத் திறந்து, துருவெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே 16 கேஜ் தகட்டில், அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிமனில், நெடுக ஒரு நடுச்சுவர். முன் தூணின் அடி ரன்னிங் போர்டோடு சேரும் மூலையிலும் நடுத்தூண் அடியிலும் பெட்டி வடிவத் தாங்கல். தரைக்கு அடியில் குறுக்கே சதுரக் குழாய்கள், இடம் கிடைத்தால் பெருக்கல் வடிவத்தில். பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியோடு பிரிக்கும் இடத்தில் முழுத் தகடு அடைப்பு. அந்த ஒரு அடைப்பு முறுக்கை எவ்வளவு தடுக்கிறது என்பது மைனரில் எங்களுக்கே ஆச்சரியம். முன் கண்ணாடிச் சட்டத்தின் தூண்களுக்குள் குழாய் நுழைத்துத் தரை வரை இறக்க வேண்டும். கண்ணாடிக்கு மேலே டாப்பில் நான்கு அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும், ஒட்ட வெட்டினால் கண்ணாடியைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. இத்தனையும் சிஓடூ வெல்டிங்கில், விட்டு விட்டு. கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்து, நேராக்கவே தனிக் கூலி ஆகும்.

பத்மினிக்கு இதெல்லாம் செய்தாலும் தீராத தொல்லை ஒன்று உண்டு: நான்கு கதவு. முன் கதவு பூட்டுவதும் பின் கதவு தொங்குவதும் அந்த ஒரே நடுத்தூணில். டாப் போனால் அது தரையில் நட்ட வேலிக்கல் மாதிரி தனியாக நிற்கும், கதவை அடைக்க அடைக்க ஆடும். அதனால்தான் ஃபியட்டே 1955இல், பத்மினிக்கு மூலமான 1100 வரிசையில் திறந்த கார் செய்தபோது, ட்ராஸ்ஃபோர்மாபிலே என்று பெயர், நான்கு கதவு பாடியை வெட்டிக்கொண்டிருக்காமல் இரண்டு பேர் உட்காரும் இரண்டு கதவு வண்டியாகத் தனிப் பாடியே அடித்தார்கள். பத்மினி வந்த பரம்பரையின் மூத்தவர்களே தொடாத வேலை அது.

சீட் பெல்ட் இன்னொன்று. தோள்பட்டைப் பெல்ட்டின் மேல்முனையைத் தாங்குவது நடுத்தூணின் உச்சி. அது போனால் பெல்ட் மாட்ட இடமில்லை, வண்டி புரண்டால் தலைக்கு மேலே ஒன்றுமில்லை. ஃபோக்ஸ்வாகன் 1979இல் கோல்ஃப் காரைத் திறந்தபோது நடுவில் ஒரு வளையக் கம்பியை நிரந்தரமாக விட்டுவிட்டார்கள். பார்க்கக் கூடைப்பிடி மாதிரி இருக்கிறது என்று ஜெர்மனியில் ஸ்ட்ராபெரிக் கூடை என்று கேலிகூடச் செய்தார்கள். ஆனால் அந்தப் பிடி பெல்ட்டையும் தாங்கியது, பாடியையும் விறைப்பாக வைத்தது. உள்ளூர்ப் பட்டறையில், நான் செய்தாலும் சரி, விபத்தில் அந்தப் பாடி எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மோதிப் பார்த்துச் சோதிக்க நம்மிடம் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது.

துணி டாப் பற்றிச் சுருக்கமாக. ஜீப்புக்கு டாப் தைக்கும் குஷன் கடைக்காரர்கள் துணியை நன்றாகவே தைப்பார்கள், கஷ்டம் மடக்கும் சட்டத்தில். முதலில் பிளைவுட்டில் கைகளை வெட்டி ஆணியில் கோர்த்து மடக்கிப் பார்த்த பிறகே இரும்புக்குப் போக வேண்டும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. எவ்வளவு தைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும், அது தரையில் தேங்காமல் வடிய ஓட்டை வைக்காவிட்டால் நீங்கள் புதிதாக வைத்த தகடும் மூன்று மழைக்காலத்தில் போய்விடும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக டாப் மூடிக்கொண்டு போகிறவருக்கு இன்னொரு அனுபவம் காத்திருக்கிறது. ஓடும் வண்டியின் மேலே காற்றழுத்தம் குறைவதால் துணி பலூன்போல மேலே உப்பும். பக்கக் காற்றும் சேர்ந்தால் தையல் சரியில்லாத டாப் அங்குள்ள காற்றாலைகளைப் பார்த்துப் பறந்துவிடும்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் பட்டறைக்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவு தெரியும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்சியில் பாடியின் வகை சலூன், அதாவது டாப் மூடிய கார், என்று இருக்கும், நீங்கள் வெட்டிய மறுநாள் அது பொய்யாகிவிடும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இன்னும் இறுக்கிச் சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தில் சேர்த்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாங்கள் அந்த மைனரைச் செய்த காலத்தில் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க மார்த்தாண்டம் ஆபீஸில் வண்டியைக் கொண்டு நிறுத்த வேண்டும், இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு டாப் இல்லாதது தெரியாமல் போகாது. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் இடமிருக்கிறது. கண்டிப்பாகச் செய்வதென்றால், இரும்பைத் தொடுவதற்கு முன் பதிவு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் பட்டறைக்காரர் வாயால் சொல்லும் 'ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி'யைவிட அந்தக் காகிதம் மேல்.

உங்கள் வண்டிக்கு மட்டும் பொருந்துகிற ஒன்றும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. சேசிஸிலோ பாடிக் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இது கிடையாது. உங்கள் பத்மினி 1976இல் பதிவானது என்றால் 2026இல் அதற்கு ஐம்பது. தாத்தாவின் வண்டிக்கு அந்த வயது வருகிற நேரத்தில் தலையை வெட்டுவதா என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் சொந்த மனக்குறை, சட்டமில்லை.

ஓப்பன் கார் ஆசை விடவில்லை என்றால் வழி இருக்கிறது. கம்பெனியிலிருந்தே துணி டாப்போடு வந்த பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றைப் பாருங்கள். தனி சேசிஸ், ஆர்சியிலும் இடிக்காது, குலசேகரம் மேட்டுக்கும் முட்டம் கடற்கரைக்கும் அலுக்காமல் போகும். பழைய கார்தான் வேண்டும் என்றால் 1961 முதல் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்குத் தனி சேசிஸ் உண்டு, டாப் போல்ட்டில் நிற்பது. இங்கிலாந்தில் அதன் அண்ணனான டிரையம்ஃப் ஹெரால்டை டாப்பைக் கழற்றி ஓப்பன் ஆக்கியவர்கள் நிறைய. அதில்கூட டாப் போனால் கதவுத் தூண் ஆடும், ஆர்சிச் சிக்கல் அதற்கும் அதேதான், ஆனால் திரும்பப் போல்ட் போட்டு மூடிவிடலாம். பத்மினியில் வெட்டியதை வெட்டியதுதான். பாதி வழியும் ஒன்று உண்டு. 1950 நாஷ் ராம்பிளரிலும் 1957 ஃபியட் 500இலும் செய்ததுபோல, பக்கவாட்டுக் கம்பிகளையும் தூண்களையும் தொடாமல் நடுத்தகட்டை மட்டும் எடுத்துச் சுருட்டுகிற துணி போடுவது. கூடு அதிகம் பலவீனமாகாது, கதவுக் கண்ணாடிச் சட்டமும் அப்படியே இருக்கும், வானமும் தெரியும். இதற்கும் அனுமதி வேண்டும், விண்டேஜ் பதிவும் இதனால் போகலாம். ஆனால் பொறியியல் கண்ணால் பார்த்தால், பத்மினியில் கை வைப்பதென்றால் இதுவே குறைந்த பாவம்.

நீங்கள் எதைத் தேர்ந்தாலும் முதலில் வண்டியின் இப்போதைய பலம் தெரிய வேண்டும். மார்த்தாண்டம் கடலிலிருந்து சில மைல்தான், உப்புக்காற்று ரன்னிங் போர்டின் உள்பக்கத்தை வெளியே தெரியாமல் தின்றிருக்கும். பாடி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பத்மினியில் பெயிண்ட் சொல்வதை நம்ப முடியாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டு நெடுகத் தேய்த்துப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் இருப்பது இரும்பில்லை, பட்டி. அடியில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்துங்கள், உள்ளே போனால் டாப்பை வெட்டுவது பற்றிய பேச்சே வேண்டாம். அதன் பிறகு சமதரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்து ஒரு முன்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள், வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அந்தப் பக்கத்து இரண்டு கதவையும் திறந்து அடைத்துப் பாருங்கள். தூக்குவதற்கு முன் அடைத்த சத்தமும் பின் அடைத்த சத்தமும் ஒன்றாக இருந்ததா, எந்தக் கதவு எங்கே இடித்தது என்று எழுதுங்கள். ரன்னிங் போர்டின் அடிப்பக்கம், நடுத்தூண் அடி இரண்டின் படமும் போடுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.